பயறு அவியாத தண்ணீர்: பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கும் தாய்மாருக்கு ஒரு திறந்த மடல்

குறிஞ்சிப்பிட்டியிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் மற்ற ஊர்களிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கும் உம்மாமாரே, அம்மாமாரே, ராத்தாமாரே, தங்கச்சிமாரே,

 

கௌப்பி அவிபடாததற்கு நீங்கள் காரணம் இல்லை. மற்ற எதையும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதற்கு நேர் எதிரானதைத்தான் இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டு வந்திருக்கிறீர்கள். "நேரத்தோடு அடுப்பு மூட்டவில்லை", "வாயுவை மிச்சம் பிடிக்கிறார்கள்", "தங்கள் பிள்ளைக்கென்றால் இப்படிக் கல்லாய்க் கொடுப்பார்களா". ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஒரு தாயிடம் இப்படிக் கேட்டதை நானே பார்த்தேன். அந்தத் தாய் இரவே பயற்றை ஊறப்போட்டு, சுபஹுக்கு முன் எழும்பி அடுப்பு மூட்டியவர். பதில் சொல்லாமல் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அவருடைய சாப்பாட்டில் கௌப்பி இல்லை. பருப்புத் தண்ணீர்தான் இருந்தது.

அவருக்கும் உங்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மண்ணின் கிணற்றுத் தண்ணீரிலேயே சமைத்து வளர்ந்தவள்.

அவியாத கௌப்பியில் ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். தோல் வெடித்திருக்கும். வெளிப்பக்கம் கொஞ்சம் மெதுவாகியிருக்கும். நடுவில் மட்டும் வெண்கட்டி மாதிரி ஒரு துண்டு விரலுக்குப் பிடிகொடுக்காமல் நிற்கும். இன்னும் ஒரு மணித்தியாலம் எரித்தாலும் தோல்தான் கழன்று வரும், அந்தத் துண்டு அப்படியே இருக்கும். நெருப்பு போதாமல் போன பயறு இப்படி இருக்காது. இது கல்சியம் பிடித்த பயறு.

இனி உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாய், சில வீடுகளில் மண்நிறமாய், விரல் நகத்தால் சுரண்டினால் செதிலாய்க் கழரும் படை இருக்கும். அதன் மேல் தேசிக்காய்ச் சாறு சில துளி விடுங்கள், நுரைத்துப் பொங்கும். சுண்ணாம்பு புளியோடு சேர்ந்தால் அப்படித்தான் பொங்கும். கேத்தலில் படிந்த அந்தச் சுண்ணாம்பேதான் உங்கள் பானையில் பயற்றுக்குள்ளும் போகிறது.

நாம் குடியிருப்பது மணல் மேடு. மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் கீழே ஒரு மெல்லிய படுகையாகக் கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தளம் பக்கம் நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் பரந்து கிடப்பது உங்களுக்குப் புதிதல்ல. சீமெந்துத் தொழிற்சாலை இந்த மாவட்டத்துக்கு வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். மணலுக்குள் சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்திருக்கின்றன. இவற்றுக்கூடாக ஊறி வரும் தண்ணீர் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் வரும். குழாயில் வந்தாலும் சரி, குழாய்க் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றினாலும் சரி, மண்ணுக்குக் கீழிருந்து எடுத்த தண்ணீர் மண்ணின் குணத்தோடுதான் இருக்கும். சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாய்ப் போவதும், தேத்தண்ணீரின் மேல் ஏடு படிவதும் இதனால்தான். இலங்கைத் தரநிர்ணயத்தில் குடிநீரின் மொத்த வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்கு உட்பட்ட தண்ணீர்கூடக் குடிக்க நல்லதாக இருந்துகொண்டே பயற்றைச் சோதிக்கும்.

பயற்றுக்குள் நடப்பதை ஒரு தடவை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். ஒரு விதையின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அவிப்பது என்றால் அந்தப் பசையைக் கரைப்பதுதான். பசை கரைந்தால் நுண்ணறைகள் பிரிந்து பயறு மாவாய் மசியும். தண்ணீரில் கல்சியம் இருந்தால் அது பெக்டினோடு சேர்ந்துகொள்ளும். சேர்ந்த பிறகு கொதிநீரிலும் அது எளிதில் கரையாது.

இது உங்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. கிறிஸ்மஸ் கேக்குக்குப் பூசணித் தோசி செய்யும்போது துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவீர்களே, எதற்காக? பாகில் கொதிக்கும்போது கரைந்துவிடாமல் முறுகலாய் நிற்கட்டும் என்றுதானே. தலவில் பக்கத்து அம்மாமாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. தோசிக்கு நாம் வேண்டும் என்று செய்வதைத்தான் இந்த ஊர்த் தண்ணீர், வேண்டாம் என்றாலும் கௌப்பிக்குச் செய்துவிடுகிறது.

பழம்பயறு இன்னொரு பக்கத்துச் சிக்கல். 1946 இல் சுவீடனைச் சேர்ந்த மண்ணியல் அறிஞர் சாண்டே மட்சன் மஞ்சள் பட்டாணி ஏன் சில சமயம் அவிகிறது, சில சமயம் அவிவதில்லை என்று ஆராய்ந்து எழுதினார். பயற்றுக்குள்ளேயே பைற்றேற்று என்ற பொருள் உண்டு. அது கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பெக்டினிடம் போகவிடாமல் காக்கும். சூடும் ஈரப்பதனும் உள்ள இடத்தில் பயற்றை மாதக்கணக்காய் வைத்தால் அந்தக் காவல் சிதைந்துபோகும். நமது ஊர்க் கடைகளில் கடற்காற்றுப் படும் தகரக் கூரைக்கு அடியில் சாக்கில் கிடக்கும் கௌப்பியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொண்டுவரும் கல்சியம் ஒரு பக்கம், உள்ளேயே அவிழ்ந்துபோன கல்சியம் மறுபக்கம். அதனால் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரே தடவையில் நிறைய வாங்கி அடுக்காதீர்கள். பழையதையும் புதியதையும் ஒரே பானையில் கலக்கவும் வேண்டாம். கலந்தால் பாதி குழையும், பாதி கல்லாய் நிற்கும், குற்றம் முழுப் பானைக்கும் வரும்.

இந்த விளக்கங்களை விட எனக்குப் பெரிதாய்ப் படும் மனக்குறை ஒன்று உண்டு. 2024 மார்ச்சிலிருந்து நாட்டின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிக்கூடச் சாப்பாடு என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். உங்கள் பானைக்கு முன் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் சிலருக்கு அன்றைய நாளின் முதல் வயிறு நிறையும் சாப்பாடு அதுதான் என்று உங்களுக்குத் தெரியும். உலர்ந்த கௌப்பி நூறு கிராமில் இருபத்துமூன்று கிராம் அளவு புரதம் இருக்கிறது, இரும்புச்சத்தும் உண்டு. முட்டையும் மீனும் விற்கும் விலைக்கு, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டித் தந்த காசில் இதற்கு ஈடாக வேறு எதைக் கொடுக்கப் போகிறோம்? கடல் பக்கத்தில் இருந்தும் மீன் வாங்க முடியாத வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை கோப்பையின் ஓரத்தில் கௌப்பியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழும்புகிறது. பிள்ளைக்குப் பயறு பிடிக்காது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பிடிக்காதது கல். மெதுவாய் அவித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்துப் போட்டால் அதே பிள்ளை இரண்டாம் தடவை கேட்கும். நோன்பு திறக்கும் நேரம் கடலைக்கு வீட்டில் நடக்கும் போட்டியைப் பார்த்தவர்கள் தானே நீங்கள்.

ஆகவே, கௌப்பியையும் பயற்றையும் கடலையையும் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மாற்ற வேண்டியது தண்ணீரை.

எரிபொருளையும் யோசியுங்கள். 2022 ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டரைக் கிலோ வாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதை யாரும் மறக்கவில்லை. சவுக்கு விறகும் தென்னம்பொச்சும் கொண்டு முற்றத்தில் சமைத்த காலம் அது. அவியாத பயற்றுக்கு மூன்று மணித்தியாலம் எரித்த அந்தச் செலவை யாரும் உங்களுக்குத் திருப்பித் தரவில்லை, இன்றும் தருவதில்லை. நல்ல தண்ணீரில் ஊறிய புதுக் கௌப்பி முக்கால் மணித்தியாலத்தில் விரலுக்குள் மசியும்.

இதற்கு என்ன செய்யலாம் என்றால், இன்றிரவே தொடங்கக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு என்ற கணக்கில் கரைத்து, அதில் பயற்றை இரவு முழுக்க ஊறப்போடுங்கள். உப்புப் போட்டால் பயறு இறுகும் என்று நமது உம்மம்மாமார் சொல்லி வந்ததுண்டு. ஊறவைக்கும் தண்ணீரில் நடப்பது அதற்கு மாறானது. உப்பில் உள்ள சோடியம் பெக்டினைப் பிடித்திருக்கும் கல்சியத்தை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் போய் உட்காரும், தோல் இளகும். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பயற்றைக் கழுவுங்கள். பிள்ளைகளின் வயிற்றில் காற்றுச் சேரச் செய்யும் பொருட்களில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். புளி, கொறுக்காய், தேசிக்காய், தக்காளி எதுவும் பயறு மசியும் வரை பானைக்குள் போகக் கூடாது, புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாது. தேங்காய்ப்பாலையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சோடா உதவும், அதை நான் மறுக்கவில்லை. அரைக் கிலோ பயற்றுக்குக் கால் தேக்கரண்டி போதும். கை நிறைய அள்ளிப் போடுவதைச் சில குசினிகளில் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். அப்படிப் போட்டால் பயறு கூழாகிச் சவர்க்கார வாடை வரும், பி1 விற்றமினும் அழியும். சத்துக்காகக் கொடுக்கும் சாப்பாட்டில் சத்தை நாமே அழிப்பது சரியில்லை.

கிணற்றுத் தண்ணீரைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளைத் தூள் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் தெளித்து எடுத்தால் வன்மையில் ஒரு பங்கு குறையும். கேத்தலில் தடித்த படை பிடிக்கும் வீடுகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். கடற்கரையோரம் வாயில் உப்புக் கரிக்கும் கிணறு என்றால் கொதிக்கவைத்துப் பலன் இல்லை, எரித்ததுதான் மிச்சம். இதோடு சேர்த்து, பயற்றுக்கு அப்பால் உள்ள ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். நமது வெங்காய, மிளகாய்த் தோட்டங்களுக்கு இடும் உரம் மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நைத்திரேற்று கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். கொதித்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் நல்லது என்று எண்ணிக் கைக்குழந்தையின் பால்மாவை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதீர்கள். இங்கே நான் கொதிக்கவைக்கச் சொல்வது பயற்றுக்காக மட்டும்.

வடித்த தண்ணீர் காசுக்கு வாங்கிக் குடிக்கும் வீடுகளில் அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரில் பயறு ஊறப்போடுகிறார்கள். ஊறிய பயறு உலர்ந்த பயற்றின் இரண்டு மடங்கு நிறை. அவ்வளவு தண்ணீரையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பயற்றை ஊறவைக்கவும் அவிக்கவும் அதைக் கொடுங்கள். பயற்றைக் கழுவவும் பானையைக் கழுவவும் கிணற்றுத் தண்ணீரே போதும். இன்னொன்று: கௌப்பிக்குப் பதிலாகச் சிவப்பு அவரை விதை கொடுத்தால், ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் கொப்புளம் தள்ளப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்துவிட்டே தணலைக் குறையுங்கள். அரைவேக்காட்டில் அது பிள்ளைகளுக்குச் சத்தியெடுக்க வைக்கும்.

இவை எல்லாம் ஒவ்வொருவரும் தனியாகச் செய்யக்கூடியவை. ஆனால் நூறு பிள்ளைகளின் பானைக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெளித்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது, முடியும் என்று யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவும் கூடாது. வடித்த தண்ணீரை உங்கள் கைக்காசில் வாங்குவதும் நியாயம் இல்லை. நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் மெதுவான தண்ணீர் ஒன்று இருக்கிறது. வானத்திலிருந்து விழும்போது அதில் கல்சியம் ஏறக்குறைய இல்லை. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கூரையில் விழுந்து முற்றத்து மணலுக்குள் போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். நூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு முப்பது கிராம் என்றால் மூன்று கிலோ உலர்ந்த கௌப்பி. ஊறவைக்கவும் அவிக்கவும் இருபது லீற்றர் தண்ணீர். வாரத்தில் மூன்று நாள் பயறு என்றால் அறுபது லீற்றர். பன்னிரண்டு வாரத் தவணை ஒன்றுக்கு எழுநூற்றிருபது லீற்றர். ஆயிரம் லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று ஒரு தவணையைத் தாண்டும். நாற்பது சதுர மீற்றர் கூரையில் முப்பத்திரண்டு மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்துவது போக அந்தத் தொட்டி நிறைந்துவிடும். மழைக்காலத்தில் நமக்கு அது ஒரு நல்ல நாள் மழை. ஊர் முழுக்கக் குடிநீர்த் திட்டம் கேட்கவில்லை நாம். ஒரு தொட்டி, ஒரு பீலி, ஒரு மூடி.

மழைநீர் சேகரிப்புக்கு நாட்டில் 2005 ஆம் ஆண்டிலிருந்து தேசியக் கொள்கையே இருக்கிறது. பதுளையிலும் மாத்தறையிலும் 1990களிலேயே வீட்டுக்கு வீடு ஐயாயிரம் லீற்றர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். மழை கொட்டும் அந்த மாவட்டங்களில் கட்டியதை, வருடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் மழை மட்டுமே காணும் நமது வரண்ட கரையில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாவது கேட்பது பேராசை இல்லை.

தொட்டி வந்தால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சோளகக் காற்று அடித்து ஓய்ந்த கூரையில் மணலும் தூசும் கடலுப்பும் படிந்திருக்கும். முதல் மழை இரண்டைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ நல்லது. அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரையை விட்டுவிடுங்கள். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி தொடக்கத்தில் தானே சுண்ணாம்பைக் கக்கும், பயற்றுக்குப் பிளாஸ்டிக்கே மேல். வாய்க்கு நுளம்பு வலை கட்டாமல் ஒரு நாளும் விடாதீர்கள். பயறு அவிக்க வைத்த தண்ணீரில் டெங்கு நுளம்பை வளர்த்துவிடக் கூடாது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒக்டோபர் மழைக்கு முன் வரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சமைப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள். பிள்ளைகளின் வாப்பாமார், அப்பாமார் சிலரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கோயில் சபைக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உரம் விற்றும் வெங்காயம் விற்றும் இந்த மண்ணில் நன்றாக இருப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு தொட்டிக்குச் சதக்கா கொடுக்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

கூட்டத்தில் பேசத் தயங்கினால் இரண்டு போத்தலை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவாய்ச் சீவிய சவர்க்காரம். மேசையில் வைத்து அவர்கள் கண்முன்னே குலுக்குங்கள். ஒன்று நுரையால் நிறையும், மற்றது கலங்கிப் போகும். பிறகு அந்த இரண்டு தண்ணீரிலும் முந்திய இரவே ஊறப்போட்டு, ஒரே நேரம் ஒரே அடுப்பில் அவித்த கௌப்பியை இரண்டு கோப்பையில் வைத்து, அதிபர் முதல் எல்லோரையும் ஒவ்வொரு பிடி தின்னச் சொல்லுங்கள். குற்றம் யாருடையது என்று அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

தொட்டியைக் கேளுங்கள், பீலியைக் கேளுங்கள், அதை வருடத்துக்கு ஒரு தடவை கழுவும் பொறுப்பு யாருக்கு என்று கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அது வரும் வரை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கௌப்பியைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பயற்றை நிறுத்திய அந்தத் தாய் இதை வாசித்தால், வரும் திங்கட்கிழமை மறுபடி ஒரு தடவை ஊறப்போடும்படி அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் துஆவையும் செபத்தையும் வேண்டும்,
குறிஞ்சிப்பிட்டியிலிருந்து உங்கள் பழைய ரீச்சர்